பூத்து முடிந்ததும் பிடுங்கி எறியாதீர்கள்!

அடுக்கடுக்கான இலைகள், நடுவில் மாதக்கணக்கில் நிறம் மங்காத சிவப்பு, மஞ்சள் பூங்கொத்து. நர்சரிகளில் ‘புரோமிலியாட்’ என்ற பெயரில் விற்கும் இந்த அழகுச் செடியைச் சில நூறு ரூபாய் கொடுத்து ஆசையாக வாங்கி வருகிறோம். சில மாதங்களில் பூங்கொத்து கருகி, இலைகளும் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது ஆகாது’ என்று குப்பையில் போட்டுவிடுவோம்.

பெரும்பாலும் அந்தச் செடிக்கு நோய் எதுவும் இல்லை. குலை தள்ளிய வாழை எப்படியோ, அப்படித்தான் இதுவும். ஒருமுறை பூத்ததும் தாய்ச்செடியின் காலம் முடிந்தது. அடியில் கிளம்பும் பக்கக்கன்றுகள்தான் அடுத்த தலைமுறை. குலை வெட்டியதும் யாராவது வாழைக்கட்டையைக் கன்றோடு தோண்டி எறிவார்களா?

இந்தக் குடும்பத்தில் நமக்கு நன்கு பழக்கமான ஒரு செடி உண்டு. அது அன்னாசி. போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டு வந்தது. ‘அன்னாசி’ என்ற பெயரும் அவர்கள் வழியாக வந்ததே. கொல்லிமலையில் இன்று அது வணிகப் பயிர். மொத்தம் 3,000க்கும் அதிகமான இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரே ஓர் இனத்தைத் தவிர மற்ற அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. பல இனங்கள் மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. ஆனால் புல்லுருவி போல மரத்தை உறிஞ்சுவதில்லை. வேர் பிடிமானத்துக்குத்தான், இலைகள் சேர்ந்து உண்டாக்கும் நடுக்குழியில் தேங்கும் மழைநீரே அவற்றுக்கு முக்கிய ஆதாரம்.

வேப்பந்தட்டை பக்கம் இந்தச் செடியை வளர்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இந்தக் குழிதான். என்னைக் கேட்டால், வெயிலைவிட நம் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர்தான் இதற்குப் பெரிய எதிரி. குழியில் ஊற்றிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு அங்கேயே தங்கி, இலையில் வெள்ளைப் படிவமும் நுனிக் கருகலும் வரும். வடகிழக்குப் பருவமழையின் போது மாடியில் விழும் நீரை மூடியுள்ள டிரம்மில் பிடித்து வையுங்கள். நாலைந்து செடிகளுக்குப் பல வாரம் போதும். மழைநீர் தீர்ந்தால் ஆர்.ஓ. கருவியின் சுத்திகரித்த நீரை ஊற்றலாம். வீணாக வெளியேறும் நீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊற்றிவிடாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்.

அடுத்த எதிரி தாமிரம். சின்ன வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளித்த கையோடு, டேங்கில் மிஞ்சியதை வீட்டுச் செடிகளுக்கும் அடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இக்குடும்பச் செடிகளுக்குத் தாமிரம் நஞ்சு. போர்டோ கலவையும் ஆகாது. களைக்கொல்லி அடித்த தெளிப்பானைப் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள்.

குழி நீரில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இதுபோன்ற சிறு தேக்கங்களில் முட்டையிடும். நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள்களே போதும். எனவே 5 நாளுக்கு ஒருமுறை தொட்டியைச் சாய்த்துப் பழைய நீரைத் தரையில் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். பழைய உப்பும் அதோடு போய்விடும். கொசுவுக்குப் பயந்து எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்டால் கொசுவோடு செடியும் சாகும்.

கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. கிழக்குப் பார்த்த தாழ்வாரம், மரநிழல், அல்லது 50 முதல் 75 சதவீத நிழல்வலை கட்டாயம். கரிசல் மண்ணை இதற்குத் தொடவே வேண்டாம். நீர் வடியாமல் அடித்தண்டு அழுகும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். மட்டைத் துண்டை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிவிடுங்கள், அதிலும் உப்பு உண்டு. மாதம் ஒருமுறை 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்துத் தொட்டியில் ஊற்றலாம், குழியில் வேண்டாம்.

எந்த இனம் வாங்குவது? கடையில் கண்ணைப் பறிப்பது குஸ்மேனியா. ஈரக்காற்று கேட்கும் மெல்லிலைச் செடி அது. நம் வறண்ட காற்றில் சிரமப்படும். தடித்த இலையுள்ள ஏக்மியா, நியோரெஜீலியா, பில்பெர்ஜியா தாங்கும். இலை ஓரத்தில் முள் இருக்கும் என்பதால் குழந்தைகள் ஓடியாடும் வழியில் வைக்காதீர்கள். செலவே இல்லாமல் பழகிப் பார்க்க வேண்டுமா? அன்னாசிப் பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, அடியிலைகளை உரித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து நடுங்கள்.

பக்கக்கன்று தாயின் உயரத்தில் பாதியைத் தொட்டதும் சுத்தமான கத்தியால் பிரித்து, வெட்டுவாய் காய ஒருநாள் விட்டு, மேலாக நடவும். நன்கு வளர்ந்த செடி பூக்காமல் நின்றால், வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அதே எத்திலின் வாயு இங்கும் உதவும். குழி நீரைக் கொட்டிவிட்டு, பழுத்த ஆப்பிள் ஒன்றைத் தொட்டியில் வைத்து, பாலித்தீன் பையால் செடியை மூடி, நேரடி வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வையுங்கள். பிறகு பையை எடுத்துவிட்டு வழக்கம்போல் நீர் ஊற்றி வந்தால், இனத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று மாதத்தில் பூங்கொத்து தலைகாட்டும்.