மாதிரியும் ஒப்புருவும்: விண்வெளி சென்ற இதய இழையம்

2007ஆம் ஆண்டு அக்டோபரில், மலேசியாவின் முதல் விண்வெளி வீரரும் எலும்பியல் மருத்துவருமான ஷேக் முஸாபர் ஷுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் மேற்கொண்ட ஆய்வுகளுள் உயிரணுக்களைப் பற்றியதும் ஒன்று. ஆய்வுலகம், உயிரணுக்களை ஒருங்கே வளர்த்து உருவாக்கிய இழையங்களையும் விண்ணுக்கு அனுப்பியுள்ளது. இழையத்தைத் 'திசு' என ஒலிபெயர்ப்பதும் உண்டு. அதன் மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நெய்யப்பட்டது' என்பதே பொருளாதலின், இழையம் என்பதே நமக்கு உவப்பு.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்குழு, பல்வகை உயிரணுக்களாக வளரவல்ல மனிதக் குருத்தணுக்களை இதயத் தசை உயிரணுக்களாக்கி, அவற்றால் அமைத்த 48 இழையங்களை நிலையத்திற்கு அனுப்பியது. ஒவ்வோர் இழையமும் இரு சிறு தூண்களுக்கிடையே துணிக்கொடி போலக் கட்டப்பட்டிருந்தது. தூண்களுள் ஒன்று வளையும் தன்மையது. இழையம் சுருங்குந்தோறும் அது வளையும். அவ்வளைவைக் காந்த உணரி அளந்து, துடிப்பின் வலிமையைப் புவிக்குத் தெரிவிக்கும். விண்வெளி வீராங்கனை ஜெசிக்கா மெய்ர் வாரந்தோறும் ஊட்டநீரை மாற்றிவந்தார். 30 நாள்கள் அங்கிருந்த இழையங்களின் சுருங்கும் வலிமை, புவியில் வைத்திருந்த இணை இழையங்களை நோக்க, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. துடிப்பின் ஒழுங்கும் குலைந்தது. இம்முடிவுகள் 2024இல் வெளிவந்தன.

வீரரின் இதயத்தையே ஆராயலாகாதா எனும் வினா எழலாம். உயிரோடுள்ள இதயத்திலிருந்து ஆய்வுக்கென அடிக்கடி துண்டெடுத்தல் தகாது. மேலும், வீரர்கள் நாள்தோறும் ஏறத்தாழ 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்வர். ஆதலின் எடையின்மை விளைத்தது எது, பயிற்சி தடுத்தது எது எனப் பிரித்தறிதல் அரிது. இழையமோ பயிற்சி செய்வதில்லை.

இதனைத் தமிழில் எழுதுங்கால் ஓர் இடர் நேர்கிறது. 'மாதிரி' என்னும் சொல், ஒன்றிலிருந்து எடுத்த கூறையும் குறிக்கும்; ஒன்றற்குப் பதிலாக நிற்கும் உருவையும் குறிக்கும். 'இதய இழைய மாதிரி' எனப் படிக்கும் மாணவர், வீரரின் இதயத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு எனக் கொள்வாராயின், வீரரின் இதயமே பாதி வலுவிழந்தது எனப் பிழையாக முடிவு செய்வார். அவ்விழையம் குருதியோட்டமும் நரம்பும் அற்றது; நிலையத்தில் இருந்த வீரர் எவருடைய இதயக் கூறும் அன்று. ஆகவே எடுத்த கூறை மாதிரி என்றும், பதிலாக நிற்பதை ஒப்புரு என்றும் பிரித்தாளுதல் வேண்டும். பீடோர்ப் பள்ளிகளில் அறிவியல் வினாத்தாள் ஆக்கும் ஆசிரியர்கள் இதனை அடுத்த தேர்விலேயே தொடங்கலாம்.