ஒரு வாக்கில் மாறிய வழக்குகள்

வழக்கிலே தோற்றவர் மேல் நீதிமன்றம் சென்றால், அங்கே சாட்சிகளை மீண்டும் அழைத்து, நடந்தது யாதென்று முதலிலிருந்து விசாரிப்பார்கள் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மேன்முறையீட்டு மன்றத்திற் சாட்சிக் கூண்டு இல்லை, யூரர்களும் இல்லை. கீழ் நீதிமன்றத்தின் ஏடுகளே நீதியரசர் முன் இருக்கும். விசாரணை சட்டப்படி நடந்ததா, தீர்மானிக்க வேண்டியவர்தாமே தீர்மானித்தனரா என்பனவே அங்கு எழும் வினாக்கள். 2024 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரு மாநில உயர் மன்றங்கள் வழங்கிய தீர்ப்புகள் இதனை நன்கு விளக்குவன. ஒன்று குடியியல் வழக்கு. மற்றது குற்றவியல் வழக்கு. இரண்டிலும் நீதியரசர் எழுவர், நால்வரும் மூவருமாகப் பிரிந்து நின்றனர்.

முதலாவது ஒகாயோ மாநிலத்தது. 2016 இல் உணவுச்சாலை ஒன்றில் ஒருவர் 'எலும்பில்லாச் சிறகு' எனும் கோழிப் பண்டத்தை வாங்கி உண்டார். பெயர்தான் சிறகு, உண்மையில் அது மார்பிறைச்சித் துண்டுகளை மாவிற் புரட்டிப் பொரித்தது. தொண்டையில் ஏதோ இறங்கியது போலிருந்தது. சில நாட்களிற் காய்ச்சல் கண்டது. வைத்தியர் உணவுக் குழாயிலிருந்து எடுத்ததோ ஐந்து சென்ரிமீற்றர் நீளமான எலும்பு. நோய்க்கிருமி தொற்றி அவர் நெடுநாள் அல்லலுற்றார். உணவுச்சாலைமீதும் இறைச்சி வழங்கியோர்மீதும் நட்டஈடு கோரிய அவரது வழக்கு யூரர் முன் செல்லவேயில்லை. கீழ் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. உயர் மன்றமும் 2024 ஜூலை 25 இல் அதனை உறுதி செய்தது. எலும்பு கோழிக்கு இயல்பானது, உண்பவர் எதிர்பார்த்துக் காத்துக்கொள்ளலாம். 'எலும்பில்லா' என்பது சமையல் வகையின் பெயரேயன்றி உத்தரவாதமன்று என்றனர் நால்வர். 'கோழி விரல்' வாங்குபவர் விரலையா எதிர்பார்க்கிறார் என்பது அவர்கள் காட்டிய ஒப்புமை. மற்றை மூவரோ, சாதாரண மனிதர் எதனை எதிர்பார்ப்பார் என்பதைச் சாதாரண மனிதராகிய யூரரிடமே விட்டிருக்க வேண்டுமென்றனர். மரக்கறி உண்ணும் எனக்கும் மூவர் கூற்றே பொருந்துகிறது. விரலின் ஒப்புமை சாதுரியமானதே. ஆயினும் விரல் என்ற சொல் வடிவத்தைக் குறிக்க, இல்லை என்ற சொல் ஒரு வாக்குறுதியைத் தருகிறதன்றோ!

ஒகாயோவில் யூரர் முன் வழக்கே வரவில்லை; நியூயோர்க்கிலோ வரத்தகாதது வந்துவிட்டது என்பது முறைப்பாடு. திரைப்படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன், பெண்கள்மீது புரிந்த பாலியல் வன்முறைக்காக 2020 இல் 23 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இடைநிலை மன்றம் 2022 இல் அதனை ஒருமனதாக உறுதி செய்தது. 2024 ஏப்ரல் 25 இல் அம்மாநிலத்தின் அதியுயர் மன்றம் அதனை நீக்கி மறுவிசாரணை கட்டளையிட்டது. (அங்கே 'உயர் நீதிமன்றம்' என்பது விசாரணை மன்றத்தின் பெயர், எல்லாவற்றிற்கும் மேலானது 'மேன்முறையீட்டு மன்றம்'. மாணவர் மயங்காதிருப்பாராக.) குற்றப்பத்திரத்தில் இல்லாத வேறு பெண்களின் அனுபவங்களையும் யூரர் கேட்கச் செய்தமையே பிரதான குறை.

இவ்விதி நஞ்சு வழக்கொன்றிற் பிறந்தது. 1898 இறுதியில் ஒருவருக்குப் பெயரின்றி அஞ்சலில் வந்த மருந்துப் போத்தலிலிருந்து அருந்திய வேறொரு மாது மாண்டாள். ரோலண்ட் மொலினோ என்பவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவ்விசாரணையில் முன்னர் நிகழ்ந்த மற்றொரு சாவும் அவர்மேற் சுமத்தப்பட்டது. 1901 இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பை மாற்றியது. மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். 'இவன் தீயவன், ஆகவே இதனையும் செய்திருப்பான்' என்ற அனுமானத்துக்கே அங்கு தடை. நமது 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும், எதிரி தன் நல்லொழுக்கத்தைச் சாட்சியமாக்கினாலன்றி அவனது தீயொழுக்கம் பொருந்தாதென்பதைப் பொதுவிதியாகக் கொண்டுள்ளது.

எனினும், வைன்ஸ்டீன் வழக்கில் மாறுபட்ட நீதியரசர் மடலின் சிங்காசின் கருத்தை எளிதில் ஒதுக்கவியலாது. இத்தகைய குற்றங்கள் சாட்சியற்ற அறைகளில் நிகழ்வன; பெண் இணங்கினாள் என்று எதிரி கூறுமிடத்து, அவன் எண்ணத்தை அறிய மற்றைப் பெண்களின் சாட்சியமும் வேண்டற்பாலது. மறுவிசாரணையின் பாரம் யார்மேல் விழுந்தது? அப்பெண்கள் மீண்டும் கூண்டேறித் தம் துன்பத்தை அந்நியர் முன் உரைக்க நேர்ந்தது. 2025 ஜூனில் யூரர், ஒரு குற்றச்சாட்டில் அவரைக் குற்றவாளியென்றும், மற்றொன்றிற் குற்றவாளியல்லரென்றும் கண்டனர். மூன்றாவதில் அவர்கள் ஒருமனப்படவில்லை.