நாட்டுக் கோழியின் பாதத்தில் ஆணியா?

கொட்டகையில் ஓடியாடித் திரிந்த சேவல் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறதா? தீவனத்திற்கும் நொண்டிக்கொண்டு வருகிறதா? உடனே பிடித்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கருப்புப் பொருக்கும், சுற்றிலும் கடினமான வீக்கமும் இருந்தால் அது பாதக் கட்டி நோய். கிராமங்களில் இதைக் 'கால் ஆணி' என்பார்கள். எடை மிகுந்த சண்டை இனச் சேவல்களிலும், கொழுத்த பெட்டைகளிலும் அதிகம் காணப்படும்.

காரணம்

முள், கண்ணாடிச் சில்லு, கரடுமுரடான சிமெண்டுத் தரை ஆகியவற்றால் பாதத்தில் சிறு காயம் ஏற்படுகிறது. உயரமான கம்பிலிருந்து அடிக்கடி குதிப்பதாலும் பாதம் கன்றிப்போகும். ஈரக் கூளத்தில் ஊறிய தோல் எளிதில் வெடிக்கும். இவற்றின் வழியே 'ஸ்டெபைலோகாக்கஸ்' போன்ற நுண்ணுயிரிகள் உள்ளே புகுகின்றன. நொய்யரிசியை மட்டுமே தின்னும் கோழிகளுக்கு வைட்டமின் 'ஏ' குறைந்து, தோலின் உறுதியும் குறையும்.

பிதுக்கலாமா?

கூடாது. மாட்டுக்கும் மனிதருக்கும் வரும் சீழ் நீர்த்து வடியும். கோழியின் சீழ் பாலாடைக் கட்டிபோல் இறுகிவிடும், பிதுக்கினால் வெளிவராது. நோய்தான் ஆழத்தில் பரவும். பிளேடால் கீறுவது, சூடு போடுவது, எருக்கம்பால் தடவுவது ஆகியவையும் கேடு. நோய் நரம்பு, மூட்டு, எலும்பு வரை சென்றால் கோழி நிரந்தரமாக முடமாகும். நொண்டும் சேவல் பெட்டையுடன் சரிவர இணையாது. அதனால் கூமுட்டை பெருகி, குஞ்சு பொரிப்பது குறையும்.

ஆரம்ப நிலையில் சிகிச்சை

1. கோழியைத் தனியே பிரித்து, உலர்ந்த வைக்கோல் பரப்பிய பஞ்சாரத்தில் விடவும்.

2. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பாதத்தை 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவவும்.

3. ஈரத்தைத் துடைத்துவிட்டு, பொவிடோன் அயோடின் மருந்தைத் தடவவும்.

4. சுத்தமான பஞ்சு வைத்து, துணியால் இறுக்கமின்றிக் கட்டவும். தினமும் கட்டை மாற்றவும்.

ஒரு வாரத்தில் வீக்கம் வடியாவிட்டாலோ, பாதம் சூடாகப் பருத்திருந்தாலோ, கணுவரை வீங்கினாலோ கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் இறுகிய சீழை முறையாக அகற்றி, தேவையான மருந்து தருவார். அம்மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்பதைக் கேட்டறிவது அவசியம். இக்கிருமி மனிதரின் காயத்திலும் தொற்றக்கூடும். ஆகவே கையுறை அணிந்து மருந்திட்டு, பின்னர் சோப்பால் கை கழுவவும்.

வராமல் தடுக்க

கோழி அடையும் கம்பு ஒன்றரை முதல் இரண்டடி உயரத்திற்கு மேற்படாமலும், விளிம்பு மழுங்கியும், சிம்பு இல்லாமலும் இருக்கட்டும். கொட்டகையில் 2 அங்குலத்திற்குக் குறையாமல் உமி அல்லது கடலைத் தோலைப் பரப்பி, ஈரமான பகுதியை உடனே மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றிச் சேறு சேரவிடாதீர்கள். நொய்யுடன் மஞ்சள் மக்காச்சோளம், முருங்கைக்கீரை சேர்த்துக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை மாலையில் கோழிகளை அடைக்கும்போது பாதங்களைப் பாருங்கள். மிளகளவு பொருக்கை வீட்டிலேயே குணப்படுத்தலாம். நெல்லிக்காய் அளவு கட்டியானால் நல்ல விதைச் சேவலையே இழக்க நேரிடும்.