சாம்பாரின் பூர்வீகம்

தமிழர் சமையலின் அடையாளமாகக் கருதப்படும் சாம்பாரில் சேரும் பொருள்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் பிறப்பிடத்தைத் தாவரவியல் நோக்கில் ஆராய்ந்தால், அதன் புளிப்பும் காரமும் மணமும் பெரும்பாலும் வேற்று நிலங்களிலிருந்து வந்தவை என்பது புலப்படும். புளியும் கொத்தமல்லியும் மிகப் பழங்காலத்திலேயே வந்து சேர்ந்தவை. மிளகாயும் தக்காளியும் கடந்த ஐந்நூறு ஆண்டுகளுக்குள் கடல் கடந்து வந்தவை. பெருங்காயமோ இன்றளவும் இறக்குமதிச் சரக்கு. இவற்றுக்கு நடுவே உள்நாட்டுப் பிறப்புடைய துவரம் பருப்புதான் குழம்புக்கு உடலாக நிற்கிறது; அதன் ஊட்டமும் பெரும்பகுதி அந்தப் பருப்பையே சார்ந்திருக்கிறது.

துவரையும் சோறும்

துவரைக்கு மிக நெருங்கிய காட்டு உறவுச் செடி ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிகளில் இன்றும் இயல்பாக வளர்வதாலும், பழமையான விதைகள் இந்திய அகழாய்வுகளில் கிடைத்திருப்பதாலும், அது ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் பயிராக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் இயங்கும் 'இக்ரிசாட்' என்னும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் தலைமையில், அதன் மரபணுத் தொகுதி, அதாவது செடியின் பண்புகளைத் தீர்மானிக்கும் முழு மரபுக் குறிப்பு, 2011இல் வாசித்து வெளியிடப்பட்டது. ஆழ வேரோடுவதால் வறட்சியைத் தாங்குவதும், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் மானாவாரி உழவர்களிடம் துவரைக்கு மதிப்பைத் தேடித் தந்த இயல்புகளாகும்.

100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் கோத்த சங்கிலி. அவற்றுள் சிலவற்றை உடல் தானாக உருவாக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசியில் அத்தகைய கூறுகளுள் ஒன்றான லைசின் குறைவு, பருப்பில் மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அதனினும் கூடுதல். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், சாம்பார் சாதமாகச் சேர்ந்து உண்ணும்போது கிடைக்கும் புரதம், இரண்டையும் தனித்தனியே நம்பியிருப்பதைவிடத் தரத்தில் உயர்ந்து நிற்கிறது.

புளியின் வேலை

புளிய மரத்தின் தாயகம் ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலம். அது வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே இந்தியாவில் வேரூன்றிவிட்டமையால், அரபு வணிகர்கள் அதன் பழத்தை 'இந்தியப் பேரீச்சை' என்னும் பொருள்பட 'தமர் ஹிந்தி' என்று அழைத்தனர். அப்பெயரே ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. தாவரங்களுக்கு அறிவியல் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸும் 1753இல் 'தமரிண்டஸ் இண்டிகா' என்று பெயர் சூட்டியதால், ஆப்பிரிக்க மரம் ஒன்று இந்தியாவின் பெயரை இருமுறை சுமக்க நேர்ந்தது.

புளிக்குப் புளிப்பைத் தருவது முதன்மையாக டார்டாரிக் அமிலம். காய்களின் செல்சுவர்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் அமிலத்தில் எளிதில் கரையாது என்பதால், புளிநீரில் வேகும் காய் குழையாமல் உருவம் காக்கிறது. பருப்போ அதே காரணத்தால் புளியோடு சேர்த்து வைத்தால் வேக மறுக்கிறது. பருப்பைத் தனியே மசிய வேகவைத்து, காயைப் புளிநீரில் கொதிக்கவிட்டு, பின்னரே இரண்டையும் சேர்க்கும் வழக்கத்தில் இந்த வேதியியல் அடங்கியிருக்கிறது.

மிளகாயும் தக்காளியும்

மிளகாயின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் மிளகே காரத்துக்கு இருந்த காலத்தில், அதைப் போன்று உறைக்கும் புதிய காய் ஒன்று வந்தபோது, அது மிளகுக்காய் என்னும் பொருளில் மிளகாய் ஆயிற்று. மெக்சிகோ பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டு வந்த அச்செடியை, 1492இல் கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு ஐரோப்பியர் அறிந்தனர். 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியர் வழியே பதினாறாம் நூற்றாண்டில் அது இந்தியாவில் பரவியது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நாவிலுள்ள வெப்பம் உணரும் ஏற்பிகளைத் தூண்டுவதால்தான் மிளகாய் 'எரிகிறது'. இந்த ஏற்பியை 1997இல் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு அவ்வாறு தூண்டப்படுவதில்லை. ஆகவே அவை பழத்தைத் தின்று விதையைச் சேதமின்றிப் பரப்புகின்றன. பச்சை மிளகாயில் நிறைந்துள்ள வைட்டமின் சி, காய்ந்த வற்றலில் பெரிதும் அழிந்துவிடுகிறது.

தக்காளியின் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியைச் சேர்ந்தவை. பயிராக அது முழுவளர்ச்சி பெற்றது மெக்சிகோவில். அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் கொழுப்பில் கரையும் நிறமி. கொதிக்கும்போது செல்சுவர் சிதைவதாலும், தாளிப்பு எண்ணெய் உடனிருப்பதாலும், பச்சைத் தக்காளித் துண்டைவிடக் குழம்பில் வெந்த தக்காளியிலிருந்து உடல் அதனைக் கூடுதலாக ஈர்க்கிறது.

பெருங்காயம்

ஈரான், ஆப்கானிஸ்தான், நடு ஆசிய நாடுகளின் வறண்ட குளிர்நிலங்களில் வளரும் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பாலே இறுகிப் பெருங்காயமாகிறது. கந்தகச் சேர்மங்களால் கடுமையாக நாறும் அது, சூடான எண்ணெயில் பொரிந்ததும் வெங்காயம், பூண்டை நினைவூட்டும் மணமாக மாறுகிறது. கடைகளில் கிடைக்கும் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கமாதலால், கோதுமைப் புரதமான குளூட்டன் ஒவ்வாதவர்கள் உறையிலுள்ள குறிப்பைப் படித்த பின்னரே வாங்க வேண்டும். உலகிலேயே மிகுதியாகப் பெருங்காயம் உண்ணும் நாடாக இருந்தும், இந்தியாவில் அதனைப் பயிரிடும் முயற்சி இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் தொடங்கியது. நட்ட செடி பால் தர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும்.

எந்தப் பொருள் எங்கிருந்து வந்தாலும், சாம்பார் சத்துள்ளதா என்பதற்கு விடை அதிலுள்ள பருப்பின் அளவில்தான் இருக்கிறது. ஒருவருக்கு 30 கிராம் பருப்பு என்ற கணக்கில் வைத்தால் ஆறு கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும். பருப்பைக் குறைத்துப் புளிநீரைக் கூட்டினால் எஞ்சுவது மணமும் உறைப்பும் மட்டுமே. பருப்பின் விலை உயரும்போதெல்லாம் அளவு குறைவதும் அங்கேதான். உலகில் துவரையை மிகுதியாக விளைவிக்கும் நாடாகவே இந்தியா இருந்தும், உள்நாட்டுத் தேவைக்கு அது போதாமையால், 2016இல் மொசாம்பிக் நாட்டுடன் பருப்பு இறக்குமதி ஒப்பந்தம் செய்துகொண்டது. புளியின் தாயகமான ஆப்பிரிக்காவிலிருந்து இப்போது துவரையும் கப்பலேறி வருகிறது.