தீவனத் தொட்டியில் தொடங்கும் முட்டை

முட்டையை உடைத்துத் தோசைக்கல்லில் ஊற்றியதும் நம் கண் முதலில் போவது மஞ்சள் கருவுக்குத்தான். செம்மஞ்சளாக இருந்தால் நல்ல முட்டை, நாட்டுக்கோழி முட்டை என்கிறோம். வெளிறியிருந்தால் பண்ணை முட்டை, சத்தில்லை என்று முடிவுகட்டுகிறோம். இந்தத் தீர்ப்பை நம்பி இரண்டு மடங்கு விலை கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் கோழி சில நாட்களாக என்ன தின்றது என்பதை மட்டும்தான் கருவின் நிறம் சொல்லும். முட்டை எவ்வளவு சத்தானது, எத்தனை நாள் பழையது, எப்படிப்பட்ட கொட்டகையிலிருந்து வந்தது என்பதெல்லாம் நிறத்தைப் பார்த்தால் தெரியாது.

மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுப்பவை லூட்டின், சியாசாந்தின் போன்ற தாவர நிறமிகள். கோழியின் உடலால் இவற்றைச் செய்துகொள்ள முடியாது, இரையிலிருந்துதான் வர வேண்டும். மேயும் கோழி புல்லையும் கீரையையும் கொத்துவதால் அதன் கரு அடர்ந்த நிறம் பெறுகிறது. பண்ணைக் கோழிக்கு அந்த நிறமி மஞ்சள் மக்காச்சோளத்திலிருந்து கிடைக்கிறது. மக்காச்சோளம் விலையேறும்போது அதைக் குறைத்துக்கொண்டு கம்பு, வெள்ளைச்சோளம், அரிசிக் குருணை என்று சேர்ப்பார்கள். இவற்றில் மஞ்சள் நிறமி மிகக் குறைவு என்பதால் கரு வெளிறும். ஆனால் உடனே வெளிறாது. ஒரு கரு அடுக்கடுக்காகத் திரண்டு முழு அளவை எட்டச் சுமார் 10 நாள் ஆகும். அதனால் தீவனத்தில் செய்த மாற்றம் கருவில் முழுமையாகத் தெரிய ஏறக்குறைய அவ்வளவு நாள் பிடிக்கும்.

இந்த நிறத்தை விலைக்கும் வாங்கலாம். சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் வயல் வயலாகப் பூக்கும் செண்டுமல்லியில் ஒரு பகுதி மாலை கட்டுவதற்குப் போவதில்லை. அதைக் காய வைத்து நிறமியைப் பிரித்தெடுக்கிறார்கள், கோழித் தீவனம் அதற்கு முக்கியச் சந்தை. சிவப்பு வேண்டுமென்றால் மிளகாயின் நிறமியைச் சேர்க்கலாம். வெளிர்மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை வரிசையாக எண்ணிட்ட பட்டைகள் கொண்ட விசிறி ஒன்று தீவனத் தொழிலில் இருக்கிறது. எந்த எண்ணின் நிறம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் அதற்கேற்பத் தீவனத்தைக் கலந்துவிடலாம். லூட்டின் கண்ணுக்கு நல்லதுதான், விழித்திரையிலேயே அது இருக்கிறது. ஆனால் நிறம் கூடினால் வைட்டமின் ஏ கூடும் என்பது தவறு. லூட்டினும் சியாசாந்தினும் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை.

அப்படியென்றால் தீவனம் முட்டையில் எதைத்தான் மாற்றுகிறது? புரதத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. நடுத்தர முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கும். தீவனத்தில் புரதம் குறைந்தால் கோழி முட்டையைச் சிறிதாக்கும், இடுவதைக் குறைக்கும். இட்ட முட்டையின் புரத விகிதத்தை அது அநேகமாக விட்டுக்கொடுப்பதில்லை. கொலஸ்டிராலும் அப்படியே, தீவனத்தால் அதைக் கணிசமாகக் குறைப்பது மிகக் கடினம். வைட்டமின் டி, ஈ, பி12, அயோடின், செலினியம் ஆகியவை தீவனத்தில் எவ்வளவு இருக்கின்றனவோ அதற்கேற்ப முட்டையிலும் ஏறி இறங்கும். கொழுப்பின் வகையும் அப்படித்தான். ஆளிவிதை சேர்த்துக் கொடுத்தால் கருவில் ஒமேகா-3 கூடும், பெட்டியில் அடைத்துக் கூடுதல் விலைக்கு விற்கும் ‘ஒமேகா முட்டை’ அப்படி உருவாவதுதான். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு லேசாகப் பச்சைமஞ்சள் சாயலில் இருந்தால் சிலர் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது வைட்டமின் பி2 தரும் சாயல்.

மணமும் தீவனத்திலிருந்து வரும். மீன்தூளையும் மீன் எண்ணெயையும் அளவுக்கு மீறிச் சேர்த்தால் முட்டையில் மீன்கவிச்சி ஏறும். பழுப்பு முட்டையிடும் சில கோழிகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. தீவனத்தின் சில பொருட்களிலிருந்து குடலில் உண்டாகும், மீன்வாடை வீசும் டிரைமெத்தில்அமீனை அவற்றால் முறித்துப்போட முடியாது, அது நேராகக் கருவுக்குள் போய்விடும். பருத்திப் புண்ணாக்கு அதிகமானால் சேமித்து வைத்த முட்டையின் மஞ்சள் கரு ஆலிவ் பச்சையாக மாறும், வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகும். மாட்டுக்கு உகந்த புண்ணாக்கை முட்டைக்கோழிக்கு யோசிக்காமல் போடக் கூடாது என்று தீவன வல்லுநர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஓட்டைப் பார்க்கலாம். முட்டையில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதுதான். நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளைக் கோழியின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். ஒரு முட்டையின் ஓடு 5 முதல் 6 கிராம் என்று வைத்துக்கொண்டால், தன் உடல் எடையைவிட அதிகமான ஓட்டை அந்தக் கோழி ஓர் ஆண்டில் செய்துவிடுகிறது. ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. ஒவ்வோர் ஓட்டிலும் 2 கிராமுக்குச் சற்று மேலாகக் கால்சியம் உண்டு. தின்பது முழுவதும் உடலில் ஒட்டாது என்பதால், நாளொன்றுக்குத் தின்னும் 100, 110 கிராம் தீவனத்தில் 4 கிராமாவது கால்சியம் இருந்தாக வேண்டும்.

ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதில் 20 மணி நேரம்போல ஓடு படியும் வேலைக்கே போய்விடுகிறது, அதன் முக்கியமான பகுதி இரவில் நடக்கிறது. இருட்டில் கோழி இரை எடுக்காது. சுண்ணாம்பு மிகுதியாகத் தேவைப்படும் அந்த நேரத்தில் வாய் வழியாக எதுவும் வராது. இதற்காகக் கோழியின் சில எலும்புகளுக்குள் தனியாகச் சுண்ணாம்பு இருப்பு ஒன்று இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் மட்டும் உருவாகும் எலும்பு அது. இரவில் கரைந்து ஓட்டுக்குப் போகும், பகலில் மீண்டும் நிரம்பும். நிரம்பாமல் கரைந்துகொண்டே போனால் கோழியின் கால் வலுவிழக்கும், படுத்துவிடும்.

இங்கேதான் பண்ணைக்காரரின் கைத்திறன் தெரியும். சுண்ணாம்பை மாவாகக் கொடுத்தால் சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். கிளிஞ்சலாகவோ சிறு கல்லாகவோ, 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் கொடுத்தால் இரையை அரைக்கும் தசைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். எலும்பின் மேல் விழும் சுமை குறையும். அதனால் தெரிந்த பண்ணைக்காரர்கள் பருமனான கிளிஞ்சலைப் பிற்பகலில் தூவுகிறார்கள். காலையில் கொடுப்பதற்கும் மாலையில் கொடுப்பதற்கும் செலவு ஒன்றுதான், ஓட்டின் உறுதியில் மட்டும் வேறுபாடு தெரியும். வைட்டமின் டி3 போதாவிட்டாலோ எவ்வளவு சுண்ணாம்பு தின்றாலும் உடலில் சேராது, தோல்முட்டைதான் விழும்.

கோடையில் எல்லாக் கணக்கும் மாறும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். விடாமல் இளைக்கும்போது உடலின் கரியமில வாயு மளமளவென்று வெளியேறிவிடும். ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் அந்த வாயுவிலிருந்து வர வேண்டியது. அது குறைந்தால் தீவனத்தில் சுண்ணாம்பு சரியாக இருந்தாலும் ஓடு மெலியும். வெயிலில் தீனியும் குறைவதால் சேதம் இரட்டிப்பாகும். 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சூட்டில் வைத்த கோழிகளுக்குச் சோடா நீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், ஓட்டின் தரம் தேறியது. நம் பண்ணைகளில் தீவனத்தில் சமையல் சோடாவைச் சேர்க்கிறார்கள், கூரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள், பனிப்புகைபோல நீரைத் தூவும் குழாய்களை ஓட்டுகிறார்கள், விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீனி போடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் தட்டில் உடைசல் கூடினால் ஏற்றி இறக்குபவரைத் திட்டுவதற்கு முன் கொட்டகையின் சூட்டை அளந்து பார்க்க வேண்டும்.

நோயும் முட்டையில் எழுதிவைத்ததுபோலத் தெரியும். மூச்சுக்குழல் அழற்சி நோய் வந்துபோன கோழியின் ஓடு சுருக்கம் விழுந்து கோணலாகும், வெள்ளைக்கரு தண்ணீராகும். வெள்ளைக்கழிச்சல் தாக்கினாலும் ஓடு கெடும். தடுப்பூசியைத் தவறவிட்ட பண்ணையில் மருந்து கொடுத்து நோயைச் சமாளிக்கப் பார்ப்பார்கள், அந்த மருந்தின் எச்சம் முட்டைக்குள் வந்துவிடும் ஆபத்து உண்டு. மனிதருக்கான கடைசி மருந்துகளில் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019இல் தடை விதித்தது. மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து முட்டையை விற்கலாம் என்ற கணக்கை மதிப்பவரே என் கண்ணில் நல்ல பண்ணையாளர்.

கண்ணுக்கே தெரியாத இன்னொன்று பூஞ்சை நஞ்சு. ஈரம் போகாத மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சினை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இது இருந்ததென்று உலகம் கண்டுகொண்டது. கோழியில் இது முதலில் ஈரலைக் கெடுத்து முட்டையைக் குறைக்கும், முட்டைக்குள் போவது மிகச் சிறிய அளவுதான். பசுவின் கதை வேறு. தின்ற நஞ்சில் ஒரு பங்கு உருமாறிப் பாலுக்கு வந்துவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88 அப்படி இருந்தன. தண்ணீர் கலந்த பாலைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு நனைந்த புண்ணாக்கைப் பற்றிப் பேசுவதில்லை. பேசியாக வேண்டும்.

பாலைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பாலுக்கு விலை கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து போடப்படுகிறது. நார்த்தீவனம் வயிற்றில் நொதித்து வரும் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் பசு பால்கொழுப்பில் கணிசமான பங்கைச் செய்கிறது. மாவுத்தீனி மிஞ்சி வைக்கோல் குறைந்தால் கொழுப்பு இறங்கும், பணமும் இறங்கும். அதனால் பால்காரருக்குத் தீவனத்துக்கும் தரத்துக்குமான தொடர்பு அந்த வாரமே தெரிந்துவிடுகிறது. முட்டை எண்ணிக்கைக்கு விற்கிறது. சிறுத்தால் விலை குறையும், ஆனால் நேற்றிட்டது என்பதற்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. ஓட்டையும் மருந்து நாளையும் பார்த்துப் பார்த்துப் பேணும் பண்ணையாளருக்கு இது நியாயமாகப் படவில்லை.

பண்ணையில் எல்லாம் சரியாக இருந்தும் வழியில் கெடுவது உண்டு. இட்ட நொடியிலிருந்தே முட்டையின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே கரியமில வாயு கசிகிறது. வெள்ளைக்கருவின் காரத்தன்மை பிஎச் 7.6 என்ற அளவிலிருந்து சில நாட்களில் 9ஐத் தாண்டும், கெட்டியான வெள்ளை நீர்த்துப்போகும். எச்சம் தேங்கி அமோனியா வாடை அடிக்கும் கொட்டகையில் கிடக்கும் முட்டைக்கும் இதே கதிதான். அமெரிக்கரான ரேமண்ட் ஹா 1937இல் முட்டையின் எடையையும் உடைத்து ஊற்றிய வெள்ளைக்கருவின் உயரத்தையும் வைத்து ஓர் அளவுகோல் வகுத்தார். இன்றும் உலகெங்கும் புதுமையை அளப்பது அதைக் கொண்டுதான். குளிர்ச்சியில் வாரக்கணக்கில் தாங்கும் அந்த உயரம் கோடை வெயிலில் சில நாட்களில் சரிந்துவிடும். முட்டையை முன்கூட்டியே கழுவி வைப்பதும் தவறு. ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப்படலம் போய்விட்டால் கிருமி உள்ளே நுழையும்.

அதனால் வாங்கும்போது ஓடு வெள்ளையா பழுப்பா என்று பார்க்காதீர்கள், அது கோழியின் இனத்தைப் பொறுத்தது. தட்டு வெயிலில் இருக்கிறதா நிழலில் இருக்கிறதா என்று பாருங்கள். உடைத்து ஊற்றும்போது மஞ்சளை விட்டுவிட்டு, அதைச் சுற்றி வெள்ளை உயர்ந்து நிற்கிறதா, கல்லெங்கும் ஓடுகிறதா என்று கவனியுங்கள். முழு முட்டை தண்ணீரில் மிதந்தால் அது மிகவும் பழசு. பெட்டியில் விற்கும் முட்டைக்கு இருக்கும் தேதி தட்டில் வரும் முட்டைக்கும் வேண்டும். இட்ட நாள் என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்வி பண்ணைவரை போய்ச் சேரும்.