பழைய கேபிள், புதிய டி.வி.ஆர்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகப் பெருக, தொழிலாளர்களுக்கான வாடகை வீடுகளும் பெருகிவிட்டன. பல வீடுகளில் நான்கு கேமராக்களும் ஒரு டி.வி.ஆரும் இருக்கும். ஆனால் பைக் திருடு போனபின் பதிவைத் தேடினால், நம்பர் பிளேட் தெரியாது. அல்லது அந்த நாளின் பதிவே அழிந்திருக்கும்.

ஒரகடத்தில் என் மாமாவின் வாடகை வீட்டில் இரண்டாவது வகை. தவணையில் பைக் வாங்கிய ஒப்பந்தத் தொழிலாளி, ஊருக்குப் போய்விட்டு 10 நாள் கழித்து வந்தார். பைக் இல்லை, பதிவும் இல்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார் கேமரா பொருத்துபவர். மாமாவால் முடிந்தது 10,000 ரூபாய். அதற்குள் முடிக்க வழி இருக்கிறது.

டி.வி.ஆர். முதலில்

கோஆக்சியல் கேபிளில் இயங்கும் கேமரா, காட்சியைச் சுருக்காமல் அப்படியே அனுப்புகிறது. சுருக்கிப் பதிவது டி.வி.ஆரின் வேலை. எனவே எச்.265 வசதியுள்ள டி.வி.ஆரை மாட்டினால், பழைய கேமராக்களின் பதிவும் குறைந்த இடத்தில் அடங்கும். எக்ஸ்.வி.ஆர். எனப்படும் மாடல்கள் பழைய அனலாக், டி.வி.ஐ., சி.வி.ஐ., ஏ.எச்.டி., ஐ.பி. ஆகிய ஐந்து வகைக் கேமராக்களையும் ஏற்கும். நல்ல நிலையில் உள்ள கேபிளைப் பிடுங்க வேண்டாம்.

எத்தனை நாள் நிற்கும்?

ஒரு கேமராவின் பதிவு வேகம் 1 எம்.பி.பி.எஸ். என்றால் நாளொன்றுக்கு 10.8 ஜி.பி. தேவை. நான்கு கேமராக்கள், தலா 2 எம்.பி.பி.எஸ். எனில் சுமார் 86 ஜி.பி. மாமாவின் 500 ஜி.பி. டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காததன் காரணம் இதுதான். எச்.265-ல் வேகத்தைப் பாதியாக்கி, 1 டி.பி. டிஸ்க் போட்டால் 23 நாள் கிடைக்கும். 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே தயாரிக்கப்படும் சர்வைலன்ஸ் டிஸ்க்கையே வாங்குங்கள்.

மிச்சப் பணத்தில் ஒரு கேமரா

பழைய டி1 படம் 704×576 புள்ளிகள். 1080பி படத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு. நான்கையும் மாற்றாமல், வாசலுக்கு மட்டும் ஒரு 1080பி கேமரா போதும். அதையும் மாடி உயரத்தில் மாட்டாமல், வண்டி நுழையும் இடத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும்படி தாழ்வாக மாட்டுங்கள். மாமா வீட்டில் டி.வி.ஆர்., டிஸ்க், இந்த ஒரு கேமரா மூன்றும் 10,000 ரூபாய்க்குள் அடங்கின.

பாஸ்வேர்டை மறவாதீர்கள்

2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டே டைன் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் முடங்கின. எனவே பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். தேதி, நேரத்தையும் சரிபாருங்கள். நேரம் தவறான பதிவைப் போலீஸிடம் கொடுத்தால் வீண் குழப்பம்.

மாதம் ஒருமுறை டி.வி.ஆரில் உள்ள மிகப் பழைய பதிவை ஓடவிட்டுப் பாருங்கள். அது எந்தத் தேதி என்பதில்தான் உங்கள் பாதுகாப்பின் அளவு தெரியும்.