திரை கடையில், கணக்கு வெளியூரில்: வாடகைக் கணிப்பொறி கட்டுப்படியாகுமா?

நம் வணிகப் பெருமக்கள் பலருடைய கடைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது விண்டோஸ் 10 கணிப்பொறிதான். அதற்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 14-10-2025 உடன் முடிந்துவிட்டது. பழைய பெட்டிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. இந்த நேரம் பார்த்து, "புதுப் பெட்டி எதற்கு அண்ணாச்சி, மாத வாடகைக்கு மெய்நிகர் கணிப்பொறி தருகிறோம்" என்று பிரதிநிதிகள் மண்டி மண்டியாக ஏறி இறங்குகிறார்கள். எங்களிடமும் வந்தார்கள். விலைப்புள்ளிகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்ததில் நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மண்டி வாசலில் மாதிரித் தட்டில் துவரையும் உளுந்தும் இருக்கும். மூட்டைகள் குடோனில் இருக்கும். இதுவும் அப்படித்தான். திரையும் விசைப்பலகையும் கடையில். மென்பொருளும் கணக்கும் எங்கோ ஒரு சர்வரில். நாம் தட்டும் எழுத்து அங்கே போகிறது, திரைப்படம் இங்கே வருகிறது. ஏற்பாடு புதிதல்ல. 1998-லேயே விண்டோஸ் என்.டி. 4.0-க்கு டெர்மினல் சர்வர் பதிப்பு வந்துவிட்டது.

சிட்ரிக்ஸ், ஹொரைசன் இரண்டும் இத்துறையில் பழைய பெயர்கள். ஆனால் அவை நூற்றுக்கணக்கான ஊழியர்களும் தனியே கணிப்பொறிப் பிரிவும் உள்ள நிறுவனங்களுக்கு உரியவை. கைமாற்றமும் நிறைய. சிட்ரிக்ஸ் 2022-ல் முதலீட்டு நிறுவனங்களின் கைக்குப் போனது. ஹொரைசனை வைத்திருந்த வி.எம்.வேர் நிறுவனத்தை 2023-ல் பிராட்காம் வாங்கியது. ஹொரைசன் பிரிவு 2024-ல் மறுபடியும் விற்கப்பட்டு, இன்று ஆம்னிசா என்ற பெயரில் நடக்கிறது. பிராட்காம் வந்த கையோடு வி.எம்.வேரில் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா மட்டும் என்றார்கள். மளிகை வியாபாரிக்கு இந்த வம்பு வேண்டாம்.

நமக்கு எட்டுவது மைக்ரோசாப்ட், அமேசான் ஆகியோரின் வாடகை ஏற்பாடுகள். 2021-ல் வந்த விண்டோஸ் 365-ல் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் நிலையானது. அதே நிறுவனத்தின் அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் மின்சார மீட்டர் போல ஓடிய நேரத்துக்குக் காசு. நிறுத்தி வைத்தாலும் சேமிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு, விண்டோஸ் உரிமமும் தனி. இரவில் அணைக்க மறந்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அமேசான் ஒர்க்ஸ்பேசஸில் மாதக் கட்டணம், மணிக்கட்டணம் இரண்டும் உண்டு. காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் கடைக்கு மணிக்கணக்கு கட்டுப்படியாகாது. தீபாவளிக்கு மட்டும் இரண்டு ஆள் கூடுதலாகக் கணக்கெழுத உட்காரும் இடத்தில் அது லாபம்.

இவை எல்லாவற்றையும்விட மலிவாக உள்ளூரில் சிலர் தருவதைத்தான் கவனித்து வாங்க வேண்டும். ஒரு சர்வரில் கணக்கு மென்பொருளைப் போட்டு ரிமோட் டெஸ்க்டாப் வழியே பலரை உள்ளே விடுவார்கள். இதற்கு சர்வர் விண்டோஸும், ஆளுக்கோ கருவிக்கோ தனித்தனி அணுகல் உரிமமும் வேண்டும். சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம்; அதைத் தந்திரமாகத் திறந்து பலரை ஏற்றுவது உரிம மீறல். உரிமத்துக்கு பில் கேளுங்கள்.

அதைவிடப் பெரிது பூட்டு. ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்தால் கடைச் சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போவது போல. எங்கள் கடைவீதியில் ஒரு வணிகரின் சர்வரை இப்படித்தான் வெளியார் புகுந்து பூட்டிப் பணம் கேட்டார்கள். சரக்கு இருப்பை எண்ணிவிடலாம். வெளியில் நிற்கும் பாக்கியை எப்படி எண்ணுவது? யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர் வாடிக்கையாளர்களிடமே கேட்க வேண்டி வந்தது. வி.பி.என். வழியும், கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் இரண்டாவது எண்ணும் இல்லாத ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்லாவில் பில் போடுவதை மட்டும் வெளியூருக்கு அனுப்ப வேண்டாம் என்பது எங்கள் துணிபு. மழையில் லைன் போனால் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் வேலை செய்துவிடும். எடை இயந்திரம், பில் பிரிண்டர், டிஜிட்டல் கையொப்பச் சாவி மூன்றும் தொலைவிலுள்ள சர்வரோடு ஒத்துழைக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும். கணக்கு, கொள்முதல், கிளைக் கடை இருப்பு ஆகியவற்றை அங்கே வைக்கலாம். இரண்டு மூன்று பெட்டி மட்டும் உள்ளவருக்குப் புதுப் பெட்டியே மலிவு. நாலைந்து கிளைகளும் பத்துப் பேரும் உள்ளவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும், தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பாது.

ஒப்பந்தத்தில் ஒன்றைத் தேடிப் படியுங்கள்: வாடகை நின்றால் நம் கணக்கை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்த வடிவில் திருப்பித் தருவார்கள்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை நாம்தான் பாதுகாக்க வேண்டும். ஆகவே தினம் ஒரு நகல் நம் கையிலுள்ள வட்டில் இறங்க வேண்டும்.

ஒரு மாதச் சோதனை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். மந்தமான மதிய வேளையில் அல்ல, மாதாந்தரக் கணக்குத் தாக்கலுக்குரிய 11, 20 தேதிகளில் பத்துப் பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.